ஒரு வண்டிக்கு மூன்று ஆகட்டும்

என் அக்கா புருஷனுக்கு 'முடியாது' என்ற சொல் வராது. நாக்கில் கோளாறு ஒன்றும் இல்லை. மற்ற எல்லாச் சொல்லும் சரளமாக வரும். மோட்டார் சைக்கிள் மெக்கானிக் என்பதால், போல்ட் வழுக்கும்போது வரக்கூடாத சில சொற்களும் வரும். ஆனால் யாராவது எதையாவது கேட்டுவிட்டால் போதும், யோசிப்பதற்குள் வாய் "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டிருக்கும். ஊரே அவரை ஆகட்டும் என்றுதான் கூப்பிடுகிறது. அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவிலேயே யாருக்கும் வழி காட்டத் தெரியாது. எனக்கு அவர் அத்தான்.

பட்டறையின் முன்பாதி என்னுடையது. நான் வண்டி சீட் தைக்கிறவள். என் தையல் மெஷின், ரெக்ஸின் சுருள்கள், ஸ்பாஞ்சு அட்டைகள் எல்லாம் அங்கே. பின்பாதியில் அத்தானும் அவர் கழற்றிப் போட்ட வண்டிகளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சலூன் நாற்காலி நிற்கிறது. பக்கத்துத் தெருவில் முடிவெட்டுகிறவர் கடை மாற்றியபோது, ஒரு வாரம் இங்கே இருக்கட்டுமே என்று கேட்டார். ஆகட்டும். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. அவர் புது நாற்காலி வாங்கி, அதுவும் பழசாகிவிட்டது. எங்கள் வாடிக்கையாளர்கள் இதில்தான் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே பேசுகிறார்கள்.

மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. தண்ணீர் பம்ப் வரும், குழந்தையைத் தள்ளும் வண்டி வரும். ஒருமுறை ஒருவர் ஹார்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் கார்புரேட்டர் எங்கே இருக்கும் என்று அத்தான் தேடாத குறைதான். அப்போதும் முடியாது என்று சொல்லவில்லை. ஹார்மோனியம் இப்போது பாடுகிறது. அதன் சொந்தக்காரர்தான் முன்பு போல் பாடுவதில்லை.

அக்கா இவருக்கு நேர் எதிர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். கையை வெளியே நீட்டலாமா, முன்னால் உட்காரலாமா, ஒரே ஒரு தடவை ஹாரன் அடிக்கலாமா என்று வழி நெடுகக் கேட்கும் பிள்ளைகளுக்கு முடியாது, முடியாது என்று சொல்லிக்கொண்டே போய்ச் சொல்லிக்கொண்டே திரும்புவாள். பிள்ளைகளுக்கு அவளிடம் பயம் உண்டு. அவர்கள் அம்மாமார்களுக்கு இன்னும் அதிகம்.

இந்த இருவரும் சேர்ந்த கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். அந்தக் காலத்தில் அப்பாவின் ஸ்கூட்டர் ஓயாமல் மக்கர் செய்யும். பட்டறையில் விடுவதும் எடுத்து வருவதும் அக்காவின் வேலை. ஒருநாள் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அப்பாவே எடுக்கப் போனார். பையன் தங்கமானவனாக இருக்கிறானே என்று, என் மூத்த பெண்ணைக் கட்டிக்கொள்கிறாயா என்று அங்கேயே கேட்டுவிட்டாராம். அத்தான் கையிலிருந்த ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்காமல் "ஆகட்டும்" என்றாராம். அப்பா உயிரோடு இருந்தவரை, வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்லிச் சிரிப்பார். எல்லோரும் சிரிப்போம். அக்காவும் சிரிப்பாள். ஆனால் அவள் சிரிப்பு மட்டும் மற்றவர்கள் சிரிப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும்.

ஏன் என்று ஒருநாள் நானே கேட்டேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தவள் தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"சலூன் நாற்காலிக்கும் ஆகட்டும், ஹார்மோனியத்துக்கும் ஆகட்டும், எனக்கும் ஆகட்டும். இதுல நான் எதோட சேர்த்தின்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலடி."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது நெஞ்சில் போய்க் குத்தியது.

இப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டர் வந்தார். ஒரு குட்டி லாரியில், தார்ப்பாய் போர்த்தி, திருட்டுச் சாமான் கொண்டுவருகிறவர் போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு ஒரு பழைய மோட்டார் சைக்கிளை இறக்கினார். அவர் பிறப்பதற்கு முன்பே அவருடைய அப்பா வாங்கிய வண்டி. அப்பா நிலம் அளக்கும் சர்வேயராக இருந்தவர். காடு மேடு எல்லாம் அதில்தான் சுற்றியிருக்கிறார். ஓய்வு பெற்று, முழங்காலும் போன பிறகு, வண்டி வீட்டுப் பின்புறக் கொட்டகையில் பூந்தொட்டிகளுக்கு ஸ்டாண்டாக நின்றிருக்கிறது. டேங்க் மேல் தொட்டி வைத்த வட்டத் தடம் இன்னும் இருந்தது.

டாக்டருக்கு அதை அடையாளம் தெரியாமல் மாற்ற வேண்டும். தாழ்ந்த உடம்பு, ஒற்றை சீட், தடித்த டயர், வெட்டிக் குட்டையாக்கிய மட்கார்டு, எல்லாம் கன்னங்கரேல் என்று. கிக்கரை மட்டும் தொடக்கூடாது. பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்வது பழைய வண்டிக்கு அவமானம் என்றார். வாரம் ஒருநாள் ஊர் சுற்றும் அவருடைய நண்பர்கள் எதிரில் உதைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டுமாம். முக்கியமாக, அப்பாவுக்கு விஷயம் தெரியவே கூடாது.

ஆகட்டும் என்றார் அத்தான்.

நன்றாகவே வேலை ஆரம்பமானது. துருவைச் சுரண்டினார், இன்ஜினைப் பிரித்துத் துணி விரித்து அடுக்கினார். கரண்ட் உண்டாக்கும் மேக்னெட்டோவைச் சுற்றிப் பார்த்து, விரலில் ஷாக் அடித்ததும் சந்தோஷமாகச் சிரித்தார். பழைய வண்டியில் கரண்ட் வந்தால் அவருக்குக் குழந்தை பேச ஆரம்பித்தது போல. நான் ஒற்றை சீட்டுக்கு அளவெடுத்து முடித்த அன்றைக்குக் கைத்தடி ஊன்றிக்கொண்டு ஒரு பெரியவர் உள்ளே வந்து, கேட்காமலே சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சுற்றுச் சுற்றினார். சர்வேயர்.

நான் அளவு டேப்பைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவரோ குரலைத் தாழ்த்திக்கொண்டு, மகன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றார். போகிற போக்கில் ஒரு தொட்டியை உடைத்தானாம், அதற்குத்தான் கோபமாம். மற்றபடி அவன் திருடிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கட்டும், அவன் ஆசையைக் கெடுப்பானேன் என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். மகன் உயரத்தைக் குறைக்கச் சொன்னது ரொம்ப நல்லது, இன்னும் ஒரு விரற்கடை குறைக்க வேண்டும், காலைத் தூக்கிப் போட முடியவில்லை. உதைக்கவும் முழங்கால் விடாது. அதனால் யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஒரு ஸ்டார்ட்டர் பட்டன் வேண்டும்.

"அவன் பல்லு புடுங்கப் போற நேரத்துல வண்டி வீட்டுல சும்மாதானே நிக்கும்?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

நான் பின்னாலிருந்து கத்தரிக்கோலை ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டினேன். அத்தான் என்னைப் பார்த்தார். கத்தரிக்கோலைப் பார்த்தார். ஆகட்டும் என்றார். மகனுக்குச் சொல்ல மாட்டேன் என்று கையடித்தும் கொடுத்தார்.

அவர் போன பிறகு நான் பிடித்துக்கொண்டேன். உங்களுக்குப் பைத்தியமா, ஒருவர் பட்டன் கூடாது என்கிறார், ஒருவர் பட்டன் வேண்டும் என்கிறார், வண்டி என்ன இரண்டா என்றேன். ரெண்டையும் வெச்சிடலாம்மா என்றார், சட்டையில் இரண்டு பாக்கெட் வைப்பது போல. சரக்கு ஏற்றும் ஒரு பழைய மூன்று சக்கர வண்டியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, சீட்டுக்குக் கீழே டூல் பாக்ஸ் மாதிரி ஒரு பெட்டி அடித்து, ஒரு பேட்டரியோடு அதற்குள் ஒளித்தார். அதை இன்ஜினோடு பல்சக்கரம் பொருத்தி இணைப்பதற்குள் அவர் வாயிலிருந்து வந்த சொற்களை நான் எழுத மாட்டேன். பட்டன், டேங்கின் அடிவயிற்றில். முழங்கால் படுகிற இடத்தில், கையை விட்டுத் துழாவினால்தான் தெரியும்.

அடுத்து வந்தது குடையோடு ஓர் அம்மா. நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்துவிட்டு, நின்றுகொண்டே பேசினார். சர்வேயரின் மனைவி, பல் டாக்டரின் அம்மா, கணக்கு டீச்சராக இருந்தவர். அப்பாவும் மகனும் சாப்பிடும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட ஆரம்பித்த அன்றைக்கே ஏதோ நடக்கிறது என்று தெரிந்துவிட்டதாம். இரண்டு பேரையும் தனித்தனியாகப் பின்தொடர்ந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே பட்டறைக்கு வருகிறார்களாம். அத்தான் ஒன்றும் தெரியாத பாப்பா போல நின்றார்.

"வண்டி பார்க்க அழகா இருக்கட்டும். ஆனா ஓடக் கூடாது" என்றார் டீச்சர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் குரல் சட்டென்று மாறியது. சர்வேயர் போன மழைக்காலத்தில் குளியலறையிலேயே விழுந்தவர். "தனியாப் போய் எங்கயாவது ரோட்டோரம் விழுந்து கெடந்தார்னா, எனக்கு யாருப்பா வந்து சொல்லுவா?" என்று கேட்டார். குடையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.  இந்த முறை அத்தான் மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் அதையேதான் சொன்னார்.

நான் நேரே அக்காவிடம் போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். எனக்கு இதெல்லாம் வயிற்றில் தங்காது. அக்கா வேன் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு பட்டறைக்குள் வந்தாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வண்டி எடுக்க மூணு பேரும் வந்து நிப்பாங்க. அன்னைக்கு யாராவது ஒருத்தர்கிட்ட முடியாதுன்னு சொல்லுங்க. யார்கிட்ட வேணா சொல்லுங்க. உங்க வாயில அந்த வார்த்தை வருமான்னு ஒரே ஒரு தடவை எனக்குத் தெரியணும். அது வராதுன்னா, எங்கப்பாகிட்ட நீங்க சொன்ன ஆகட்டுமுக்கு ஒரு மதிப்பும் இல்லைங்க."

அத்தான் வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரிந்துவிட்டது.

"அதைச் சொல்லாதீங்க" என்றாள் அக்கா. மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

அத்தான் வேலைக்குத் திரும்பினார். டீச்சருக்காக ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்தார். அதைத் தட்டிவிட்டால் மேக்னெட்டோவின் கரண்ட் வீணாக வண்டியின் இரும்புச் சட்டத்தில் இறங்கிவிடும், யார் எவ்வளவு உதைத்தாலும் எந்தப் பட்டனை அமுக்கினாலும் இன்ஜின் பிடிக்காது. சீட்டின் பின்புறம், உள்பக்கமாக அதை ஒளித்தார். குட்டை மட்கார்டில் எதற்கோ நாலு துளை போட்டு ரப்பர் மூடி வைத்தார். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் மடக்குகிற மாதிரி இரண்டு மிதிகட்டை வைத்துக் கறுப்பு அடித்து மறைத்தார். பிறகு ஒருநாள், இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகட்டை வெட்டிக்கொண்டுவந்து, இதற்கு மெத்தென்று ஒரு மெத்தை தைத்துக் கொடு என்றார். இதை யார் கேட்டது, நாலாவதாக ஒருத்தர் வந்துவிட்டாரா என்று பாய்ந்தேன். அத்தான் தகட்டின் ஓரத்தை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். நாய்க்குத் தலையணையா என்று கேட்டுக்கொண்டே தைத்து எறிந்தேன். ஆனால் தையல் நன்றாகத்தான் போட்டேன். கோபத்தில் எனக்குத் தையல் நேராக வரும்.

வண்டி எடுக்கிற நாளுக்கு முந்தின நாள் டீச்சர் வந்து, ஸ்விட்சைத் தன் கையாலேயே தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் பல் டாக்டர் கறுப்புக் கண்ணாடி, தோல் கோட்டு சகிதம் இரண்டு நண்பர்களோடு வந்தார். வண்டியை நடுவில் நிறுத்தியிருந்தோம். உள்ளதைச் சொல்ல வேண்டும், நான் அவ்வளவு அழகான ஒரு வண்டியைப் பார்த்ததில்லை. டாக்டர் டேங்கைத் தடவிக்கொண்டிருந்தபோது வாசலில் கைத்தடிச் சத்தம் கேட்டது. சர்வேயர், சும்மா இந்தப் பக்கம் நடந்து வந்தாராம். வண்டியைப் பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஐயோ என் வண்டியை என்னடா செய்தாய் என்று ஒரு நடிப்பு நடித்தார். கை மட்டும் நெஞ்சைவிட்டு நழுவி, சீட் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அளந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னாலேயே டீச்சர் குடையோடு வந்து ஓர் ஓரமாக நின்றார். வாசலுக்கு எதிரே வேனில் சாய்ந்துகொண்டு அக்கா சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அப்பாவைச் சமாதானப்படுத்திவிட்டு, கோட்டைச் சரிசெய்துகொண்டு, உதைத்தார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி உதைத்தார். நண்பர்கள் படம் பிடிக்க உயர்த்திய போனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினார்கள். கண்ணாடியைக் கழற்றினார், பிறகு கோட்டைக் கழற்றினார். இன்னும் சில உதைக்குப் பிறகு மூச்சு வாங்கிக் குனிந்து நின்றார். சர்வேயர் ஒன்றுமறியாதவர் போல வண்டியில் சாய்ந்துகொண்டு, கையை டேங்குக்கு அடியில் விட்டார்.

கர்ர்ர் என்று மோட்டார் சுற்றியது. நான் சட்டென்று தையல் மெஷினை மிதித்து ஓட்டினேன், சத்தத்தோடு சத்தமாகப் போய்விடும் என்று. போகவில்லை. டாக்டர் மண்டியிட்டுக் குனிந்து பார்த்து, அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டார்.

அவர் முகம் சிவந்தது. நான் வேண்டாம் என்று சொன்னதை யார் சொல்லி வைத்தீர்கள் என்றார். அத்தான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். வண்டி ஏன் ஓடவில்லை, இதற்குள் இன்னும் என்னவெல்லாம் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்றார். அத்தான் விரல் விரலாகத் துடைத்தார். இந்தப் பட்டறையின் லட்சணத்தை ஊர் முழுக்கச் சொல்வோம் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. எங்களுக்கு இருப்பது இந்தப் பேர் ஒன்றுதான். இதோ நிற்கிறார்களே இந்த இரண்டு பேர்தான் என்று கையைக் காட்டினால் முடிந்தது விஷயம்.

"யார் சொன்னாங்க? இப்பவே சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"முடியாதுங்க" என்றார் அத்தான்.

"என்னது?"

"சொல்ல முடியாது. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நீங்க என்ன வேணா பேசிக்கோங்க."

வாசலில் சாவிச் சத்தம் நின்றது. நான் மெஷினை மிதிப்பதை நிறுத்தினேன். அத்தானுக்கே அந்தச் சொல் புதுசாக இருந்திருக்க வேண்டும், உதட்டை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

முதலில் உடைந்தது சர்வேயர்தான். நான்தான்டா சொன்னேன், அந்தப் பிள்ளையைத் திட்டாதே என்று கைத்தடியைத் தட்டினார். அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று டாக்டர் விழித்தார். உனக்குத் திருடவும் தெரியவில்லை, தொட்டியை உடைத்துவிட்டாய் என்றார் அவர். பட்டன் இருந்தும் ஏன் ஓடவில்லை என்று இரண்டு பேரும் சேர்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, டீச்சர் குடையை மடக்கினார்.

"இவன் உதைச்சாலும் ஓடும், இவர் பட்டனை அமுக்கினாலும் ஓடும். நான் விட்டாத்தான்."

அப்பாவும் மகனும் ஒரே மாதிரி வாயைப் பிளந்தார்கள். பல் வைத்தியரின் மேல்வரிசைப் பல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்போது அத்தான் அலமாரியிலிருந்து நான் தைத்த அந்தக் குட்டி மெத்தையை எடுத்து வந்தார். ரப்பர் மூடிகளைப் பிடுங்கி, மட்கார்டின் மேல் அதை வைத்துத் திருகினார். மிதிகட்டைகளை விரித்துவிட்டார். டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இது யார் கேட்டது என்றார்.

"இது யாரும் கேக்கலைங்க. ஸ்விட்ச் பின்னால உட்கார்றவங்க கைக்கு எட்டுற எடத்துல இருக்கு. அவரு தனியாப் போனாத்தானே பயம்னீங்க."

 டீச்சர் குடையை என் கையில் கொடுத்தார். சர்வேயர் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார், எளிதாகத்தான் போட்டார். டீச்சர் பின்னால் ஏறி, சீட்டுக்குள் கையை விட்டு எதையோ தட்டினார். பட்டனை அமுக்கியதும் வண்டி போட்ட சத்தத்தில் சலூன் நாற்காலி தானாகச் சுற்றியது. தெருவில் இருவரும் போக, அப்பா மெதுவா, அம்மா பிடிச்சுக்கோ என்று டாக்டர் கூடவே ஓடினார். எனக்கு எப்போ என்று அவர் கேட்டதும், நல்லபடியா நடந்துக்கோ, பார்க்கலாம் என்று டீச்சர் சொன்னதும் தெருமுனை வரை கேட்டது.

எல்லோரும் போன பிறகு அக்கா உள்ளே வந்து சலூன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

"உங்களுக்கு அந்த வார்த்தை வருதே" என்றாள். "அப்போ, பிடிக்கலைன்னா எங்கப்பாகிட்டயும் சொல்லியிருப்பீங்க. அப்படித்தானே?"

அத்தான் ஸ்பேனரைத் துடைத்துப் பலகையில் மாட்டினார். திரும்பவும் எடுத்துத் துடைத்தார்.

"மாமா என்கிட்ட கேக்கவே இல்ல" என்றார். "நான்தான் கேட்டேன். ஆகட்டும்னு சொன்னது அவரு."

அக்கா நாற்காலியோடு மெல்ல அவர் பக்கம் திரும்பினாள்.

"பொண்ணு வீட்டுக்காரன் நான், நான் தேடிப் புடிச்ச மாப்பிள்ளைன்னுதான் இருக்கணும், நீயா பொண்ணு கேட்டதா யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொன்னாரு. உனக்குக்கூடத்தான். நான் ஆகட்டும்னுட்டேன்."

"இத்தனை வருஷமா?"

"வாக்குக் குடுத்துட்டேனே. இன்னைக்குத்தான் முடியாதுன்னு சொல்லிப் பழகினேன். அந்தச் சூட்டோட மாமாவுக்கும் சொல்லிட்டேன்னு வெச்சுக்கோ."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். நூல் எங்கே, ஊசி எங்கே என்று தெரியவில்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பிள்ளைகளை அதட்டும் குரலைக் கொண்டுவரப் பார்த்தாள்.

"அந்த ஸ்கூட்டருக்கு அப்படி என்னதான் ரிப்பேர்? எத்தனை தடவை தள்ளிக்கிட்டு வந்திருப்பேன்?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் அத்தான், ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே. "ஒவ்வொரு தடவையும் ப்ளக் வயரைக் கொஞ்சம் லூசாக்கி அனுப்புவேன். வீடு வரைக்கும் போகும், மறுநாள் நின்னுடும். நீதானே திரும்பத் தள்ளிக்கிட்டு வருவே."

அக்கா அவரை அடிப்பது போல எழுந்தாள். பிறகு நாற்காலியிலேயே விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், அத்தானும் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் நிறுத்தின பிறகும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.